கூரைக்குக் கட்டம் இல்லை

ஏப்ரல் கடைசி வாரத்தில்
என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் குறைவு.
வருகிற எல்லார் கையிலும் ஈஏ பாரம்,
மறந்துபோன பாஸ்வேர்டு,
எனக்குத் தரப் பத்து வெள்ளி.

குணாளன் ஒரு மைலோ டின் கொண்டுவந்தார்.
மூடியைத் திறந்ததும் ஆற்று வாடை.

செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறவர்.
நவம்பரில் ஒரு ராத்திரி
காற்று அவர் அடுக்களைத் தகரத்தை உரித்து
பக்கத்து வீட்டு மாமரத்தில் தொங்கவிட்டது.
பெர்ஜுந்தை என்றாலே தொங்குவதுதானே, மேடம்,
பேரை மாத்தியும் புத்தி மாறலை, என்றார்.
முகவரியில் நான் பெஸ்தாரி ஜெயா என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆறு வந்தது,
பின்வாசல் வழியாக,
உறவுக்காரரைப்போல் செருப்பைக் கழற்றாமல்.
ஐஸ்பெட்டி படுத்துக்கொண்டது.
மெத்தை மிதந்து, குடித்து, கனத்து
நாலு பேர் தூக்கும் பிணமானது.
பவளக்கொடி மகளை மேசைமேல் ஏற்றினாள்,
மகள் பூனையை அலமாரிமேல்.
பள்ளிப்பையை ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.

டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்:
தகரம் பதினான்கு துண்டு.
வயரிங் செய்த ஆள் சிகரெட் அட்டையின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்த கணக்கு.
கதவு, கீல், பெயிண்ட்.
கூட்டினேன். ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம்.
பந்துவான் பணம் கிடைத்ததா?
கிடைத்தது. மெத்தைக்குச் சரியாகப் போனது.

இதை எல்லாம் கழிச்சுடுங்க, மேடம்.
புயல்ல போன வீட்டை வரியில கழிக்கலாமாம்,
ஆலையில பிட்டர் சொக்கநாதன் படிச்சானாம்.

எந்த நாட்டுல படிச்சாராம்?

அவருக்கும் தெரியவில்லை.
நான் திரையை மேலிருந்து கீழே உருட்டினேன்,
அவர் பார்க்கட்டும் என்று மெதுவாக.
பெற்றோர் வைத்தியச் செலவுக்குக் கட்டம் இருக்கிறது.
தாய்ப்பால் எடுக்கும் கருவிக்கு.
மின்காருக்கு மின்னேற்றும் சாதனத்துக்கு.
பந்துக்கு, மட்டைக்கு, இண்டர்நெட் பில்லுக்கு.
கூரைக்கு இல்லை.
மழை என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

பிறகு கேட்டேன்:
தண்ணி போனப்புறம் என்ன வாங்குனீங்க?
மகளுக்குப் புத்தகம் எல்லாம் மறுபடி.
எனக்கு ஒரு போன், பழசு முழுகிடுச்சு.
ரசீது?
லோரி முன்கண்ணாடி வெயிலில் வெளிறிய காகிதம்.
குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்து
இருநூற்றுப் பதினொன்று என்று இரண்டு பேரும் கண்டுபிடித்தோம்.
போன், எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

நனைந்த புத்தகத்துக்குச் சலுகை இல்லை.
அதே புத்தகத்தைத் திரும்ப வாங்கியதற்கு உண்டு.
இதை அவருக்கு விளக்கும்போது
என் குரல் ஏனோ அரசாங்கக் குரலாகிவிட்டது.

முப்பத்து மூணு வெள்ளி முப்பது காசு குறையும், என்றேன்.
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.
ஒரு தகரம், என்றார்.
ஆணி இல்லாம.

ரசீதை எல்லாம் ஏழு வருஷம் வச்சிருக்கணும், சொல்லிட்டேன்.
எங்க வைக்கிறது?
உயரமா.

டின்னை மூடிக்கொண்டே கேட்டார்:
உங்க வீட்டுலயும் இடுப்பளவு வந்துச்சே,
நீங்க என்ன எழுதுனீங்க?

பேட்மிண்டன் மட்டை. நூற்றுப்பத்து வெள்ளி.

ஆடுவீங்களா, மேடம்?

இல்ல. மிதந்துச்சு. அது ஒண்ணுதான் மிச்சம்.

அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.
பத்து வெள்ளியை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.
கௌண்டரில் டின் இருந்த இடத்தில் சேற்று வட்டம்.
அதன்மேல் அடுத்தவர் தன் பாரத்தை வைத்தார்.